காய்ச்சல் தணிந்த பிறகு குழந்தையைக் கவனிப்பது எப்படி?

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம், திட்டக்குடி பக்கத்து நெல்வயல்களில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் கியூலெக்ஸ் கொசுக்கள் பெருகி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரசைப் பரப்பக்கூடும். தொற்றியவர்களில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கே நோய் தீவிரமாகிறது. அந்த ஒருவரை முதலில் இனங்காணும் வாய்ப்பு வீட்டாருக்குத்தான் கிடைக்கிறது.

எந்த வைரஸ் தொற்றினாலும், நோயெதிர்ப்புச் செல்கள் சைட்டோகைன் எனும் புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன. இவற்றின் தூண்டுதலால் மூளையின் ரத்தக்குழாய்களில் புராஸ்டாகிளாண்டின் ஈ2 எனும் வேதிப்பொருள் உருவாகி, மூளையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியான ஹைப்போதலாமஸ் உடல் வெப்பத்தை ஏற்றுகிறது. குழந்தை சோர்ந்து படுப்பதும் சைட்டோகைன்களின் வேலையே. வைரஸ் மூளைக்குள் போகாமலேயே இத்தனையும் நடக்கும். பாராசிட்டமால் அந்தப் புராஸ்டாகிளாண்டினைக் குறைக்கிறது.

ஆகவே எடைக்கேற்ற அளவு, அதாவது கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை, கொடுங்கள். 12 கிலோ குழந்தைக்கு, 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3 மி.லி. போதும், 120 மி.கி. சிரப்பில் அதே 3 மி.லி. கொடுத்தால் பாதி மருந்துகூடச் சேராது என்பதால் லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். ஆஸ்பிரின் வேண்டாம்.

ஒரு மணி நேரம் கழித்து, வெப்பமானியை விடக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். அம்மாவை அடையாளம் கண்டு, தண்ணீர் கேட்டு, சிணுங்கினால் ஓரளவு நிம்மதி கொள்ளலாம். சூடு இறங்கியும் மயக்கம் தெளியாவிட்டால், பேச்சு குழறினால், கழுத்து விறைத்தால், வாந்தி நிற்காவிட்டால், வலிப்பு வந்தால், வைரஸ் மூளைக்குள்ளேயே புகுந்திருக்கலாம். அப்போது மூளையின் சொந்தக் காவல் செல்களான மைக்ரோகிளியாவும் ஆஸ்ட்ரோசைட்டுகளும் வைரசின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வை உணர்ந்து, வைரசை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் எனும் புரதத்தையும் அழற்சிப் புரதங்களையும் சுரந்து, வெள்ளணுக்களை உள்ளே அழைக்கின்றன. ரத்த–மூளைத் தடுப்பு தளர்ந்து வீக்கம் ஏறுகிறது. வைரசை ஒடுக்க எழும் இந்த அழற்சியே அளவு மீறினால் நரம்புச் செல்களையும் அழிக்கும். இதைப் பாராசிட்டமால் தடுக்காது.

உடனே 108-ஐ அழையுங்கள். வலிப்பின்போது கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் வீண், பின்னது ஆபத்தும்கூட. ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே போதும்.

மருத்துவமனையில் முதுகுத்தண்டு நீர் எடுக்கக் கேட்டால் மறுக்காதீர்கள். கால் விழுந்துவிடும் என்ற பயம் ஊரில் பரவலாக உண்டு, ஆனால் தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. காய்ச்சல் தொடங்கிய நாள், கடைசியாக மருந்து கொடுத்த நேரம், கடைசியாகத் தெளிவாகப் பேசிய நேரம் ஆகியவற்றைத் தாளில் எழுதி, 9 மாதம் முடிந்தும் 16–24 மாதத்திலும் போடப்படும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகள் குறிக்கப்பட்ட அட்டையோடு மருத்துவரிடம் கொடுங்கள்.