கர்னல் மாற்றியதும் நேட் நின்றுவிட்டதா? விதிகளில் கைவைக்காதீர்கள்

லினக்ஸ் சர்வர் ஒன்றையே அலுவலகம் முழுவதற்கும் கேட்வேயாக, அதாவது இணையத்துக்கான வாசலாக ஓட்டுபவர்களுக்கு இது பழகிய காட்சி. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை அப்கிரேடு செய்து ரீபூட் கொடுக்கிறீர்கள். கேட்வேயில் இணையம் வருகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் ஒரு மெஷினில்கூட வரவில்லை. உள்ளே இருக்கும் 192.168 முகவரிகளை வெளியே போகும்போது ஒரே பொது முகவரியாக மாற்றித் தரும் வேலை, அதாவது நேட், நின்றுபோயிருக்கிறது.

உடனே கை போகும் இடம் ஐபிடேபிள்ஸ், அதாவது பாக்கெட்டை விடுவதா, தடுப்பதா, மாற்றுவதா என்ற விதிகளை வைக்கும் கருவி. எல்லா விதிகளையும் ஃப்ளஷ் செய்துவிட்டு, எங்கிருந்தோ எடுத்த பத்து வரிகளை ஒட்டுவோம். நானும் செய்திருக்கிறேன், அதுவும் வீட்டிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற தொலைநிலை இணைப்பு வழியாக. ஃப்ளஷ் விதிகளை மட்டும்தான் அழிக்கும், எந்த விதியும் பொருந்தாத பாக்கெட்டை என்ன செய்வது என்று சொல்லும் பாலிசியைத் தொடாது. கேட்வேக்கு வருபவற்றுக்கான இன்புட் பாலிசி ட்ராப்பில், அதாவது தடுக்கும் நிலையில் இருந்தது. என்னை உள்ளே விட்டுக்கொண்டிருந்த விதி போனதும் திரை அப்படியே உறைந்துவிட்டது. ராத்திரி பதினொன்றரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கீபோர்டைச் செருக வேண்டியதாயிற்று. நேற்றுவரை ஓடிய விதி ஒரு ரீபூட்டில் தப்பாகிவிடாது. பெரும்பாலும் மாறியிருப்பது அதைச் சுற்றி இருப்பவைதான்.

அடுத்து, கேட்வேயில் உட்கார்ந்தே பிங் அடித்துப் பார்த்து “நெட் வருதே” என்பது. கேட்வேயின் சொந்தப் பாக்கெட் மற்ற மெஷின்களுக்காகக் கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான ஃபார்வர்டு செயின் பக்கமே போகாது, அதற்கு முகவரி மாற்றமும் தேவையில்லை. உள்ளே இருக்கும் ஒரு மெஷினிலிருந்து பிங்கை ஓடவிட்டு, கேட்வேயின் வெளிப்பக்கக் கார்டில் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியைப் போடுங்கள். பாக்கெட்டே தெரியவில்லை என்றால் ஃபார்வர்டிங்கில் அடைப்பு. 192.168 முகவரியோடேயே வெளியேறினால் முகவரியை மாற்றும் மாஸ்கரேடு விதி படவில்லை. பொது முகவரியோடு போய்ப் பதில் மட்டும் வரவில்லை என்றால் உங்கள் நேட் தன் வேலையைச் செய்துவிட்டது, வெளியே தேடுங்கள். இரண்டு நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் இரண்டு மணி நேரம் விதி எழுதுபவர்கள்தான் அதிகம்.

ஃபார்வர்டிங் அடைப்பு என்றால் முதலில் ஐபி ஃபார்வர்டு மதிப்பு 1-ஆ (கடத்தும்) 0-வா (கடத்தாது) என்று பாருங்கள். “அதை எப்பவோ சிஸ்சிடிஎல் கோப்பில் போட்டாச்சு” என்று, கர்னல் அமைப்புகளை எழுதிவைக்கும் அந்தக் கோப்பை நம்பி இருந்துவிட வேண்டாம். 2025-இல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பில், ஈடிசி அடைவில் இருக்கும் பழைய சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பை பூட் ஆகும்போது எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி படிப்பதே இல்லை. சிஸ்சிடிஎல்.டி அடைவில் தனிக் கோப்பாக வைத்தால்தான் எடுத்துக்கொள்ளும். கோப்பு அங்கேயே இருக்கும், வரியும் அங்கேயே இருக்கும், மதிப்பு மட்டும் 0.

சரி, என் கேட்வேக்கு வருகிறேன். கீபோர்டைச் செருகி விதிகளை பேக்கப்பிலிருந்து திரும்ப ஏற்றினேன். முகவரி மாற்றும் விதிகள் இருக்கும் நேட் டேபிளை, எத்தனை பாக்கெட் பட்டது என்ற கவுன்ட்டரோடு போட்டுப் பார்த்தால் மாஸ்கரேடு விதிக்கு நேராக 0 பாக்கெட், 0 பைட். (வெறும் லிஸ்ட் கட்டளை ஃபில்ட்டர் டேபிளைத்தான் காட்டும். நேட் டேபிளைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.) ஒரு இணைப்பின் முதல் பாக்கெட் மட்டுமே நேட் டேபிளுக்கு வரும் என்பதால் அங்கே எண் சிறியதாக இருப்பது சகஜம். சுத்தமாக 0 என்பது சகஜமில்லை. விதியில் இருந்த கார்டின் பெயர் ஈஎன்பி1எஸ்0எஃப்0. மெஷினில் இப்போது இருந்த பெயர் ஈஎன்பி1எஸ்0எஃப்0என்பி0. புதிய கர்னலின் டிரைவர் போர்ட் பெயரையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்ததால் வால் முளைத்துவிட்டது. நெட்வொர்க் அமைப்பு கார்டுக்கே உரிய மேக் முகவரியை வைத்துக் கார்டைக் கண்டுபிடித்ததால் கேட்வேக்கு ஐபி கிடைத்துவிட்டது. நேட் விதியோ பெயரை நம்பியிருந்தது. இல்லாத கார்டின் பெயரைக் கொடுத்தாலும் ஐபிடேபிள்ஸ் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வாங்கிக்கொள்ளும். மேக் முகவரிக்கு நிலையான பெயர் கொடுக்கும் ஒரு லிங்க் கோப்பை எழுதி வைத்தேன், அப்புறம் இந்தத் தொல்லை இல்லை.

“நேட் டேபிளே இல்லை” என்று பிழை வந்தால் விஷயம் வேறு. பெரும்பாலும் ரீபூட் செய்யாமல் விட்டிருப்பீர்கள். ஆர்ச் போன்ற லினக்ஸ் வகைகளில் அப்கிரேடு ஆனதும் ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் மாட்யூல் (தேவைப்படும்போது ஏற்றும் பகுதி) அடைவு போய்விடும், அதன்பின் தேவைப்படும் மாட்யூலை ஏற்ற முடியாது. அப்படியென்றால் ரீபூட்டில் தீர்ந்துவிடும்.

டெபியன் 10-இலிருந்து ஐபிடேபிள்ஸ் கட்டளை உள்ளுக்குள், அதற்குப் பதிலாக வந்த என்எஃப்டேபிள்ஸுக்குத்தான் எழுதுகிறது. பழைய வழி லெகசி என்ற பெயரில் தனியாக இருக்கிறது. பூட் ஸ்கிரிப்ட் ஒன்றில் எழுத, நீங்கள் மற்றொன்றில் தேடினால் விதியே இல்லாதது போலத் தோன்றும். புதிதாக எழுதுவதற்கு முன் இரண்டையும் பாருங்கள்.

பிரவுசிங் எல்லாம் ஓடுகிறது, கோப்புகளை அனுப்பும் எஃப்டிபி மட்டும் லாகின் ஆகிப் பட்டியல் வராமல் நிற்கிறதா? கர்னல் 4.7-இலிருந்து இணைப்புகளை நினைவில் வைக்கும் கான்ட்ராக்கின் ஹெல்ப்பர்கள் (எஃப்டிபி போன்றவை திறக்கும் கூடுதல் இணைப்பை அடையாளம் காண்பவை) தானாக ஒட்டிக்கொள்வது நிறுத்தப்பட்டது. 6.0-இல் அதைத் திரும்ப இயக்கும் சிஸ்சிடிஎல் சுவிட்சையே எடுத்துவிட்டார்கள். அந்தச் சுவிட்சின் வரியைப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தவர்கள் இனி எந்தப் போர்ட்டுக்கு எந்த ஹெல்ப்பர் என்று ஐபிடேபிள்ஸின் ரா டேபிளில் விதியாகவே எழுத வேண்டும்.

எதைத் திருத்தினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிங்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கான்ட்ராக் அதைப் பழைய இணைப்பாகவே நினைவில் வைத்திருக்கும், புதிய நேட் விதி அதற்குப் படாது. நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

பழைய கர்னலையும் அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை பூட் செய்து பாருங்கள். நேட் ஓடினால் டிரைவர், மாட்யூல், கார்டின் பெயர் என்று தேடலாம். அங்கேயும் ஓடவில்லை என்றால் கர்னல் மேல் பழி போட முடியாது. அதே அப்கிரேடில் வேறு என்னென்ன பேக்கேஜ் ஏறியது என்று பேக்கேஜ் பதிவேடான ஆப்ட் லாகைத் திறந்து பாருங்கள்.