ஏற்காட்டு விடுதியின் வைஃபைக்கு மூன்று ப்ரொஃபைல்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறிப்போய்ச் சிறு விடுதிகளுக்கு வைஃபை அமைத்துத் தரும் எனக்கு, பெரும்பாலான இடங்களில் கண்ணில் படுவது ஒரே காட்சிதான்: வரவேற்பு மேசையில் லேமினேட் செய்த ஓர் அட்டை, அதில் ஒரே கடவுச்சொல். அறையில் தங்குபவரின் கைபேசி, பில் போடும் கணினி, வாசல் கேமரா என எல்லாமே அந்த ஒரு கடவுச்சொல்லில்தான் இயங்கும். இவற்றைத் தனித்தனிப் பாதுகாப்பு ப்ரொஃபைல்களாக (கடவுச்சொல், குறியாக்க முறை போன்ற அமைப்புகளின் தொகுப்பு) பிரிப்பதே இங்கு நம் வேலை.

வேலையைத் தொடங்கும் முன் மடிக்கணினியை, வைஃபை சிக்னலைத் தரும் கருவியான ஆக்சஸ் பாயின்டுடன் கேபிளில் இணையுங்கள். வைஃபை வழியாகவே வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றினால், சேமித்த நொடியே உங்கள் இணைப்பும் அறுந்துவிடும். தட்டச்சில் ஓர் எழுத்து பிசகி, அது சேலம் திரும்பிய பிறகு தெரியவந்தால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மீண்டும் ஏற வேண்டியதுதான், ஏறியவன் சொல்கிறேன். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, கருவியின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, இருக்கும் அமைப்பை பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ப்ரொஃபைல் அலுவலகத்துக்கானது. சாதனங்கள் எல்லாம் புதியவை என்றால், வைஃபை பாதுகாப்பு முறைகளில் டபிள்யூபிஏ2-வுக்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 போதும். பழைய பில் பிரிண்டர் ஒன்று இருந்தாலும் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலப்பு முறையைத் தேர்ந்தெடுத்து, நிர்வாகச் சட்டகப் பாதுகாப்பை (இணைப்பைக் கட்டுப்படுத்தும் செய்திகளைப் போலியாக்க விடாத வசதி) ‘கட்டாயம்’ என்று வைக்காமல் ‘விருப்பம்’ என்று வையுங்கள். குறியாக்கத்தில் ஏஇஎஸ் மட்டும் இருக்கட்டும். டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறை பலவீனமானது என்பதோடு, வேகத்தையும் 54 எம்பிபிஎஸ்ஸுக்குள் முடக்கிவிடும். கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். டபிள்யூபிஏ2-வில் ஒரு சாதனம் இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தைப் பதிவு செய்துகொண்டு போய், வீட்டில் உட்கார்ந்து கணினியை வைத்தே கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்க முடியும் என்பதால், விடுதியின் பெயரும் ஆண்டும் சேர்ந்த சொல் சீக்கிரமே சிக்கிவிடும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள்.

விருந்தினருக்கான இரண்டாவது ப்ரொஃபைலில்தான் பலரும் தவறுகிறார்கள். கடவுச்சொல்லை மட்டும் வேறாக்கினால் வாசல் இரண்டாகுமே தவிர வீடு ஒன்றாகவே இருக்கும். அந்த வைஃபை பெயரைத் தனி விலேனில் (அதே கருவிகளுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) போட்டு, அங்கிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் வழியை ரௌட்டரில் அடைத்து, விருந்தினர் சாதனங்கள் ஒன்றையொன்று அணுக விடாத கிளையன்ட் ஐசொலேஷனையும் இயக்குங்கள். மூன்றாவது, கேமராக்களுக்கு: அவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் டபிள்யூபிஏ2-வும் மட்டுமே அறிந்தவை என்பதால், இந்த ப்ரொஃபைலையும் அதற்கேற்ப வையுங்கள்.

ப்ரொஃபைலை உருவாக்கியதோடு நில்லாமல், ஒவ்வொன்றையும் உரிய வைஃபை பெயருடன் பிணைக்க வேண்டும். பிணைக்காவிட்டால் சில கருவிகளில் டிஃபால்ட் ப்ரொஃபைலே இயங்கும். அதில் பூட்டே இருக்காது. கடவுச்சொல் இல்லாமல் பொத்தானாலோ பின் எண்ணாலோ சாதனத்தை இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள்: அதன் 8 இலக்க பின் எண் இரு பாதிகளாகச் சரிபார்க்கப்படுவதால், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் பிடிபட்டுவிடும். வைஃபை பெயரை மறைப்பதும் மேக் முகவரியால் (சாதனத்தின் வன்பொருள் அடையாள எண்) வடிகட்டுவதும் வீண் வேலை. ஊழியர்கள் பலர் உள்ள பெரிய விடுதிக்கு, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு தரும் ரேடியஸ் சர்வர் ஏற்றது. ஒருவர் வேலையை விட்டால் அவர் கணக்கை மட்டும் நீக்கலாம். எட்டு அறைகள் கொண்ட சிறு விடுதிக்கு அது அதிகம்.

இறுதியாக, விருந்தினர் வைஃபையில் ஒரு கைபேசியை இணைத்து, ஆக்சஸ் பாயின்டின் நிர்வாகப் பக்கத்தையும் பில் பிரிண்டரின் முகவரியையும் திறந்து பாருங்கள். இரண்டும் திறக்கவில்லை என்றால், புதிய பேக்கப் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு மேசையிலிருக்கும் பழைய அட்டையைக் கிழித்துவிடலாம்.