பிரிட்டன்ல வேலை போச்சா? ரிடன்டன்சி பணத்தை (ஆளைக் கொறைச்சா கம்பெனி தரவேண்டிய இழப்பீடு) காரைக்குடில உக்காந்தே கேட்டு வாங்கலாம்

போன வாரம் தேவகோட்டைல ஒரு கல்யாணம், பந்தில பக்கத்துல உக்காந்த தம்பி, லண்டன்ல ஆளைக் கொறைச்சுட்டாங்கண்ணே குடுத்ததை வாங்கிட்டு வந்துட்டேன்னான், கணக்கு சரியான்னு பாத்தியாடான்னு கேட்டா முழிக்கிறான். எனக்குப் பொறுக்கல. ரங்கூனுக்குப் போன நம்ம பாட்டன்மாரு 3 வருஷக் கணக்கை முடிச்சுட்டுத்தான் கப்பல் ஏறுவாங்க, நாம என்னடான்னா வர்ற காசை எண்ணிக்கூட பாக்க மாட்டேங்கிறோம்.

மொதல்ல கணக்கு. முழுசா 2 வருஷம் வேலை பாத்திருக்கணும். 22 வயசுக்கு கீழ பாத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை வாரச் சம்பளம், 22ல இருந்து 40 வரைக்கும் ஒரு வாரம், 41ல இருந்து ஒன்றரை வாரம், மொத்தம் 20 வருஷத்துக்கு மேல எண்ண மாட்டாங்க. வாரச் சம்பளத்துக்கும் ஒரு உச்சவரம்பு இருக்கு, 2025 ஏப்ரல் 6ல இருந்து ஒரு வருஷத்துக்கு 719 பவுண்டா இருந்துச்சு, வருஷா வருஷம் ஏப்ரல்ல மாறும், இப்ப எவ்வளவுன்னு பாத்துக்கோங்க. (வட அயர்லாந்துக்கு எல்லாமே தனி.)

என் கதையையே சொல்றேன், அங்க எனக்கு வேலை போனப்ப வயசு 43, சர்வீஸ் 7 வருஷம். பின்னாடி இருந்து எண்ணணும், கடைசி 2 வருஷத்துக்கு 3 வாரம், மிச்ச 5க்கு 5 வாரம், ஆக 8 வாரம், வாரத்துக்கு 719 வச்சு 5,752 பவுண்டு. வந்தது வெறும் 2,876. என்னன்னு பாத்தா, நடுவுல கம்பெனி கைமாறிருச்சு, புது மொதலாளி அவரு வாங்கின நாள்ல இருந்து 3 வருஷம்தான்னு எண்ணிருக்காரு! கம்பெனியை வித்தாலும் நம்ம சர்வீஸ் அறுபடாது, பழைய சர்வீஸும் சேரும், அங்க சட்டமே அப்படித்தான். இந்த இடத்துலதான் நெறைய பேரு ஏமாறுறாங்க. அதனால பழைய அப்பாயின்ட்மென்ட் லெட்டர், பேஸ்லிப், பி60 (வருஷச் சம்பளமும் பிடிச்ச வரியும் போட்டுத் தர்ற தாள்) எதையும் தூக்கிப் போடாதீங்க, எங்க ஆத்தா தகரப்பெட்டில போட்டு வச்சிருந்ததுதான் என்னைக் காப்பாத்துச்சு.

அடுத்து, கம்பெனிக்கு எழுத்துல கேளுங்க, இத்தனை வருஷம், இத்தனை வாரம், பாக்கி இவ்வளவுன்னு. வேலை முடிஞ்ச தேதில இருந்து 6 மாசத்துக்குள்ள இந்த லெட்டர் போயிருந்தாலே உங்க உரிமை நிக்கும். எப்படிக் கணக்குப் போட்டீங்கன்னு எழுதிக் குடுக்கவும் அவங்க கடமைப்பட்டவங்க. நோட்டீஸ் பணம், அநியாய நீக்கம்னு வேற எதுவும் சேத்துக் கேக்கணும்னா கெடு வேற, 3 மாசத்துக்குள்ளயே அடுத்துச் சொல்ற அகாஸ் வேலையை ஆரம்பிச்சிருங்க.

பதில் வரலையா, அகாஸ்ல (Acas, தொழிலாளி-முதலாளி தகராறைப் பேசித் தீர்க்கிற அங்கத்திய பொது அமைப்பு) ஆன்லைன்ல பதியணும், பைசா செலவில்ல. ஒரு சமரச ஆள் ரெண்டு பக்கமும் பேசுவாரு. இங்க சூதானமா இருக்கணும், போன்ல நீங்க சரின்னு ஒத்துக்கிட்டா அதோட முடிஞ்சுச்சு, கையெழுத்துப் போடலையேன்னு அப்புறம் பின்வாங்க முடியாது. எங்க வளவுல சிக்னல் கிடைக்காது, மாடிப்படில நின்னு பேசுறப்ப அவரு பாதித் தொகை சொன்னாரு, யோசிச்சுச் சொல்றேன்னு வச்சுட்டேன்.

சமரசம் ஆகலன்னா சர்டிபிகேட் நம்பர் தருவாங்க, அதைப் போட்டு ஈடி1 (ET1) வழக்குப் பாரத்தை எம்ப்ளாய்மென்ட் ட்ரிபியூனலுக்கு, அதாவது வேலை வழக்குகளை விசாரிக்கிற தீர்ப்பாயத்துக்கு, அனுப்பணும். கட்டணம் கிடையாது, 2017ல பிரிட்டன் சுப்ரீம் கோர்ட்டே அதை ரத்து பண்ணிருச்சு. கம்பெனிக்கு பதில் சொல்ல 28 நாள். ஊர்ல இருந்து வீடியோல சாட்சி சொல்றதா இருந்தா ட்ரிபியூனலுக்கு முன்னாடியே எழுதிருங்க, வெளிநாட்டுல இருந்து சாட்சி சொல்ல தனி அனுமதி விவகாரம் இருக்கு. எனக்கு அதுவரைக்கும் போகல, பாரம் போன மூணாவது வாரமே பாக்கியை முழுசா தர்றேன்னுட்டாங்க.

கம்பெனியே திவாலாயிருந்தா கேஸுக்கு அலையாதீங்க, திவால் விவகாரத்தைப் பாக்குற அரசு அலுவலகமான இன்சால்வென்சி சர்வீஸ்ல ஆர்பி1 (RP1) விண்ணப்பம் போட்டா அரசாங்க நிதில இருந்து வரும்.

இன்னொன்னு, ஊருக்கு வர்ற அவசரத்துல அங்க உள்ள பேங்க் அக்கவுண்ட்டை மூடிறாதீங்க, பணம் அதுலதான் வந்து விழணும்.