‘கான்ட்ராபேண்ட்’ என்றால் கடத்தல் சரக்கா?

அகராதி அப்படித்தான் சொல்கிறது. விமான நிலையத்தில் பிடிபடும் தங்கத்துக்கு அது சரி. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய கட்டுரையில் அதையே போட்டால் விபரீதம். ‘கோட்டை முகாமில் கடத்தல் சரக்குகள் சமைத்துச் சாப்பிட்டன’ என்று எழுதி, இரண்டு வரி தாண்டிய பிறகு தலையில் அடித்துக்கொண்டவன் நான். அங்கே அந்தச் சொல் மனிதர்களைக் குறிக்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். போர்ச் சட்டத்தில் கான்ட்ராபேண்ட் என்பது எதிரியின் போருக்கு உதவும் சரக்கு. துப்பாக்கி, வெடிமருந்து போன்றவை. ஒளித்துக் கொண்டுபோக வேண்டும் என்பதில்லை. நடுநிலை நாட்டுக் கப்பலில் பகிரங்கமாக ஏற்றியிருந்தாலும் மடக்கிப் பறிக்கலாம். கடற்போர் பற்றிய 1856-ன் பாரிஸ் பிரகடனம் நடுநிலைக் கொடிக்குப் பாதுகாப்பு கொடுத்தபோதும் இதற்கு மட்டும் விலக்கு வைத்தது.

இந்தச் சொல் மனிதர்மேல் ஏறியது 1861-ல். மே 23 இரவு ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் வர்ஜீனியாவில் படகேறித் துடுப்புப் போட்டு, அமெரிக்க அரசின் வடக்குப் படையிடம் இருந்த மன்றோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். அதுவரை, பிரிந்துபோன தென் மாநிலப் படையின் பீரங்கித் தளத்தைக் கட்டும் வேலையில் இருந்தவர்கள். மறுநாள் வெள்ளைக்கொடியோடு தென் படையின் மேஜர் ஒருவர் வந்து, தப்பியோடிய அடிமைச் சட்டப்படி அவர்களைத் திருப்பிக் கேட்டார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் அடிப்படையில் வக்கீல். அந்தச் சட்டம் அயல்நாட்டுக்குச் செல்லாது, அமெரிக்காவிலிருந்து பிரிந்த வர்ஜீனியாதான் தன்னை அயல்நாடு என்கிறதே என்று மடக்கினார். எதிரி போருக்குப் பயன்படுத்திய உடைமை, ஆகவே பறிமுதல். இப்படித்தான் அவர்களுக்கு கான்ட்ராபேண்ட் என்ற பெயர் வந்தது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: பட்லர் அடிமைகளை விடுவித்தார் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் விடுவிக்கவில்லை. எஜமானர் வந்து அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால் திருப்பித் தருவதாகவே சொன்னார். மனிதனை உடைமை என்று ஒப்புக்கொண்டால்தான் வாதமே நிற்கும். வழியைத் திறந்தது துடுப்புப் போட்ட மூவர். வக்கீலின் சாமர்த்தியம் அதற்கு அடுத்தது.

வாதத்தின் ஓட்டையும் சீக்கிரமே தெரிந்தது. சில நாட்களிலேயே குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கினார்கள். பீரங்கித் தளம் கட்டாத பெண்ணும் கைக்குழந்தையும் எப்படிப் போர்ச்சரக்கு ஆவார்கள்? இவர்கள் அடிமைகளா, சுதந்திரமானவர்களா என்று ஜூலை 30-ல் பட்லரே வாஷிங்டனுக்கு எழுதிக் கேட்டார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆகஸ்ட் 6 சட்டம் எஜமானரின் உரிமையைப் பறித்ததே தவிர, விடுதலை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. கிளர்ச்சியாளரின் அடிமைகள் தஞ்சம் புகுந்தால் சுதந்திரம் என்றது 1862 ஜூலைச் சட்டம்தான்.

‘1863 ஜனவரி 1-ல் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனத்தால் எல்லாம் முடிந்தது’ என்பதும் தவறு. மன்றோ கோட்டை இருந்த எலிசபெத் சிட்டி மாவட்டமே அந்தப் பிரகடனத்தின் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. அடிமைமுறை நாடு முழுக்க ஒழிந்தது 1865 டிசம்பரில், அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தத்தால்.

எனவே மொழிபெயர்க்கிறவர்கள் ‘கான்ட்ராபேண்ட்’ என்றே வைத்து, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேருங்கள். ‘விடுதலையானவர்கள்’ என்று மாற்றிவிடாதீர்கள். 1861 செப்டம்பரில் கடற்படை இவர்களைச் சேர்த்துக்கொள்ள அனுமதித்தபோது கொடுத்த உச்சபட்சப் பதவியின் பெயர் ‘பாய்’. எத்தனை வயதானாலும் பையன்தான். மாதம் 10 டாலர், நாளொன்றுக்கு ஒரு உணவுப்படி.