திருகோணமலைக் கடலுக்குப் போகிறீர்களா? அறையின் விலையை மட்டும் பார்க்காதீர்கள்

கோடை விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்ப்பக்கம் போய், நல்லூர்த் திருவிழாவும் சொந்தக்காரர் வீடுகளும் முடிந்தபிறகு, பிள்ளைகள் கடல் கேட்பார்கள். ஜூலை, ஓகஸ்ட் என்றால் யோசிக்க வேண்டாம், கிழக்குக் கரைதான். அந்த நேரம் தெற்குக் கரையில் ஹிக்கடுவ, மிரிஸ்ஸ பக்கம் கடல் கொந்தளிக்கும். திருகோணமலையிலோ பல நாள் குளம் மாதிரிக் கிடக்கும். நத்தாருக்குப் போகிறவர்களுக்கு இது தலைகீழ். மார்கழி வாடைக்காற்றிலும் மழையிலும் திருகோணமலையில் கடலோர அறை எடுப்பது வீண்செலவு.

சரி, எங்கே தங்குவது? பட்டணத்திலிருந்து வடக்கே நான்கைந்து கிலோமீட்டரில் உப்புவெளி. அதே வீதியில் இன்னும் பத்துக் கிலோமீட்டர் போனால் நிலாவெளி. முதல்முறை போனபோது அறை மலிவாகக் கிடைத்ததே என்று நிலாவெளியில் பதிவுசெய்தேன். கரை அகலம், கூட்டம் குறைவு, எல்லாம் அழகுதான். ஆனால் விடுதிகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருந்தன. இரவில் ஒரு கொத்துரொட்டி சாப்பிடவும் ஓட்டோ, கோணேசர் கோவிலுக்கும் ஓட்டோ. வேண்டாம் என்றால் விடுதிக்காரர் சொல்லும் விலையில் அங்கேயே சாப்பாடு. மூன்றாம் நாள் கணக்குப் பார்த்தபோது, அறையில் மிச்சம்பிடித்தது முழுவதும் ஓட்டோவிலேயே போயிருந்தது.

அதனால் வாகனம் இல்லாமல் போகிறவர்களுக்கு உப்புவெளிதான் என் முடிவு. சாப்பாட்டுக்கடைகள் நடைதூரம். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை பஸ்கள் எல்லாம் அந்த வழியேதான் போகும். பகலில் பட்டணத்துக்குப் போய்வர அவையே போதும், பொழுதுபட்டால் குறைந்துவிடும். கடலைப் பார்த்த அறைக்குத்தான் விலை அதிகம். ஒழுங்கைக்குள் ஐந்து நிமிடம் உள்ளே தள்ளி, வீட்டோடு சேர்ந்த அறை எடுங்கள். காலையில் இடியப்பமும் சொதியும் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவைப்பது நல்லது. வான் பிடித்துக்கொண்டு எட்டுப்பேராகப் போனால் நிலாவெளியும் கட்டுப்படியாகும். வயதான அப்பா அம்மாவோடு, கோவிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும்தான் முக்கியம் என்றால் பட்டணத்திலேயே டச் பே கடற்கரையை அண்டித் தங்கலாம். மான்கள் தெருவில் நடந்து திரிவதைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

விலை கேட்கும்போது ஒரு விஷயம். இணையத்தில் விடுதியைப் பார்த்துவிட்டு நேரே அழைத்துத் தமிழில் கதையுங்கள். தரகுப்பணம் மிச்சமாவதால் சிறிய விடுதிக்காரர் பலர் குறைத்துத் தருவார்கள். சொல்லும் விலை முழுவிலையா என்றும் கேளுங்கள். பெரிய ஹோட்டல்களில் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 18 சதவீத வற் வரியும் பிறகு ஏறி, பில் வேறு முகம் காட்டும். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளோடு சனி, ஞாயிறும் சேர்ந்து வந்தால் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் ஆட்கள் குவிவார்கள். அந்த நாட்களைத் தவிர்த்தாலே அறைவாடகை இறங்கும்.

ஏசியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கச்சான் காற்று அனலாக வீசும் நாட்களில், கனடாவில் பிறந்த பிள்ளை மின்விசிறிக்குக் கீழே தூங்காது. நுளம்புவலை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புறாமலைத் தீவுக்கு நிலாவெளிக் கரையிலிருந்து படகு. 2003இல் தேசியப் பூங்காவாக்கிய இடம் என்பதால் நுழைவுச்சீட்டு உண்டு, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குப் பல மடங்கு விலை. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகவேண்டாம். படகுக்கூலி ஆளுக்கு இல்லை, படகுக்கு. முந்தின நாள் மாலையே விடுதி முற்றத்தில் இன்னொரு குடும்பத்தோடு கதைத்து ஒழுங்குபண்ணி, காலை வெயில் ஏறமுன் போய்விட்டால் கூலியும் பாதி, பவளப்பாறையைச் சுற்றிச் சனமும் பாதி.