காரின் பின்கதவு லாட்சை வீட்டிலேயே மாற்றுதல்: முதன்முறை செய்பவர்களுக்கு

எங்கள் காரின் இடப்பக்கப் பின்கதவு ஒரு நாள் சாத்தினால் நிற்கவில்லை. மோதிய வேகத்தில் அப்படியே திரும்பி வந்தது. மருத்துவமனை வாசலில் நின்றிருந்தோம். அம்மாவை முன் இருக்கைக்கு மாற்றி, பின்கதவை உட்புறக் கைப்பிடியோடு கயிற்றால் இழுத்துக் கட்டி, மிக மெதுவாக ஓட்டி வீடு சேர்ந்தேன். பத்து ஆண்டுகளைக் கடந்த அந்தக் கதவின் லாட்சை, அதாவது சாத்திய கதவைப் பிடித்து நிறுத்தும் பாகத்தை, அதன் பிறகு நானே மாற்றினேன். பழகிய கை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும் வேலை எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. நம் நாட்டில் வண்டியைச் சாலையின் இடப்புறம் ஓரங்கட்டி நிறுத்துவதால் முதியவர்களும் பிள்ளைகளும் ஏறி இறங்குவது பெரும்பாலும் இந்தக் கதவின் வழியாகத்தான். ஆகவே இதில் வரும் பழுதைத் தள்ளிப்போடக் கூடாது.

லாட்ச் எப்படி வேலை செய்கிறது

கதவைத் திறந்து அதன் பின்விளிம்பைப் பாருங்கள். மூன்று திருகுகளுக்கு நடுவே ஒரு பிளவும், அதனுள் கொக்கி போல் வளைந்த ஓர் இரும்புத் துண்டும் தெரியும். அதற்கு நேர் எதிரே, வண்டியின் உடலில், 'ப' வடிவக் கம்பி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதை ஸ்ட்ரைக்கர் என்பார்கள். கதவைச் சாத்தும்போது ஸ்ட்ரைக்கர் கம்பி பிளவுக்குள் புகுந்து கொக்கியைச் சுழற்றுகிறது; சுழன்ற கொக்கி பின்னுக்குத் திரும்பாதபடி உள்ளே இருக்கும் ஒரு தடைநாக்கு ஸ்பிரிங்கின் விசையால் விழுந்து பிடித்துக்கொள்கிறது. கைப்பிடியை இழுக்கும்போது நாம் செய்வதெல்லாம் அந்தத் தடைநாக்கைத் தூக்கிவிடுவது மட்டுமே.

இந்தப் பிடிப்பு இரண்டு படிகளில் நிகழ்கிறது. சரியாகச் சாத்தாத கதவு அரைகுறையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது முதற்படி. முழுவதும் மூடிய நிலை இரண்டாவது படி. கதவு லாட்சுகளுக்கான ஐக்கிய நாடுகளின் 11ஆம் ஒழுங்குவிதி, பக்கக் கதவின் லாட்ச் முழுப் பிடிப்பில் நீளவாட்டில் 11,000 நியூட்டன் விசையையும், குறுக்குவாட்டில் 9,000 நியூட்டன் விசையையும் தாங்க வேண்டும் என்கிறது. முதற்படியில் கேட்பது 4,500 நியூட்டன்தான். 11,000 நியூட்டன் என்பது ஏறத்தாழ 1,100 கிலோ எடை தொங்குவதற்கு ஒப்பானது. விபத்தின்போது கதவு திறந்து உள்ளிருப்பவர் வெளியே வீசப்படாமல் காப்பது இந்தச் சிறு இரும்புதான் என்பதால், தேய்ந்த கொக்கியை வெல்டிங் வைப்பதையும், ஸ்பிரிங்குக்குப் பதிலாக வேறொரு கம்பியை வளைத்து மாட்டுவதையும் நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். லாட்ச் கெட்டிருந்தால் முழுதாக மாற்ற வேண்டும்.

உண்மையில் கெட்டது லாட்ச்தானா?

புதிய லாட்ச் வாங்குமுன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். உள்ளிருந்து திறக்கவில்லை, வெளியிலிருந்து திறக்கிறது என்றால் முதலில் சைல்டு லாக்கை (பிள்ளைகள் உள்ளிருந்து கதவைத் திறக்காமல் தடுக்கும் பூட்டை) பாருங்கள். கதவின் விளிம்பில் லாட்சை ஒட்டி இருக்கும் அந்தச் சிறு நெம்பி, வண்டி கழுவும்போது கைபட்டு நகர்ந்திருக்கலாம். கதவு சாத்தினால் நிற்கவில்லை என்றால், திறந்த கதவில் கொக்கி எந்த நிலையில் இருக்கிறது என்று கவனியுங்கள். கொக்கி மூடிய நிலைக்குச் சுழன்று நின்றுவிட்டால் ஸ்ட்ரைக்கர் உள்ளே நுழைய வழியில்லை. வெளிக் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளினால் அது விடுபட வேண்டும்.

விடுபட்டால், பிளவுக்குள் துருநீக்கி ஸ்பிரேயை அடித்து, இறுகிய பழைய கிரீஸையும் மண்ணையும் துடைத்தெடுத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் வைத்துப் பத்துப் பதினைந்து முறை இயக்கிப் பாருங்கள். பல லாட்சுகள் இதிலேயே பிழைத்துக்கொள்ளும். எங்களுடையதும் இரண்டு வாரம் ஒழுங்காக இயங்கியது. பிறகு கொக்கி நடுவழியில் நிற்கத் தொடங்கியதால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று புரிந்தது.

கதவு சரியாகத் திறந்து மூடி, எல்லாக் கதவுகளையும் ஒன்றாகப் பூட்டும் சென்டர் லாக்கிற்கு மட்டும் அசையவில்லை என்றால் வேறு விதமாக யோசிக்க வேண்டும். எல்லாக் கதவுகளும் அசையவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். இந்த ஒரு கதவு மட்டும் என்றால், கதவுக்கும் நடுத்தூணுக்கும் இடையே மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் குழாய்க்குள் மின்கம்பி அறுந்திருக்கலாம், அல்லது லாட்சோடு சேர்ந்த மோட்டார் போயிருக்கலாம். இக்காலக் கார்கள் பலவற்றில் மோட்டாரும், கதவு திறந்திருப்பதைக் காட்டும் சுவிட்சும் லாட்சுக்குள்ளேயே இருப்பதால் எல்லாம் ஒன்றாகவே மாறும்.

கதவு மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டு எப்பக்கமிருந்தும் திறக்கவில்லை என்றால், அதை உங்கள் முதல் வேலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூடிய கதவின் உட்பலகையைக் கழற்றப் பின் இருக்கையை எடுக்க நேரலாம், பலகையும் உடையலாம். அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

வாங்க வேண்டியவை

லாட்சை வாங்கும்போது இடம் எது, வலம் எது என்பதைச் சொல்லிக் கேளுங்கள். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து முன்னோக்கிப் பார்க்கும்போது வரும் இடமும் வலமுமே கணக்கு. பதிவுச் சான்றிதழில் உள்ள சேஸிஸ் எண்ணின் 17 எழுத்துகளையும் கடைக்காரரிடம் கொடுத்தால் ஆண்டுக்கும் மாடலுக்கும் பொருந்தும் பாகத்தை எடுத்துத் தருவார். சென்டர் லாக் உள்ள மாடலா என்பதையும், கனெக்டரில் எத்தனை பின்கள் என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய லாட்ச் மலிவாகக் கிடைக்கும் என்றாலும், தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பாகத்தைப் புதிதாக வாங்குவதே என் விருப்பம். டோர் பேட் எனப்படும் கதவின் உட்பலகையைப் பிடித்திருக்கும் கிளிப்புகளையும் நான்கைந்து கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றும்போது சில உடையத்தான் செய்யும்.

கருவிகளில் நான்கு முனை ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 10 மி.மீ. சாக்கெட், பிளாஸ்டிக் நெம்புகோல், மாஸ்கிங் டேப், கிரீஸ் ஆகியவை போதும். லாட்சின் திருகுகள் சில வண்டிகளில் ஆறு முனை டார்க்ஸ் வகையாக இருக்கும்; அவற்றுக்குப் பெரும்பாலும் 30ஆம் எண் பிட் பொருந்தும். கதவுத் தகட்டின் உள்விளிம்புகள் பிளேடு போல் வெட்டும் என்பதால் கையுறை கட்டாயம்.

கழற்றுதல்

முதலில் கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றுங்கள். பேட்டரியைத் துண்டித்த பிறகு பவர் விண்டோ ஏறாது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையை 10 மி.மீ. சாக்கெட்டால் கழற்றி ஒதுக்கிவிட்டுச் சில நிமிடங்கள் பொறுங்கள். பிறகு ஒரு பழைய துணியைத் தடிமனாக மடித்து ஸ்ட்ரைக்கர் கம்பியின் மேல் சுற்றிக் கட்டுங்கள். வேலை முடியும் வரை கதவு காற்றில் தானாகச் சாத்திக்கொள்ளக் கூடாது என்பதற்காக இது. ஏன் என்பது பின்னால் வரும்.

அடுத்தது டோர் பேட். உட்கைப்பிடியின் குழிவிலும், கதவை இழுத்துச் சாத்தப் பிடிக்கும் இடத்தின் அடியிலும் சிறு மூடிகளுக்குப் பின்னால் திருகுகள் ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்த பிறகு, பெயின்ட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கீழ் மூலையிலிருந்து பிளாஸ்டிக் நெம்புகோலால் ஒவ்வொரு கிளிப்பாக விடுவியுங்கள். நெம்புகோலைக் கிளிப்புக்கு அருகிலேயே வைக்க வேண்டும். தள்ளி வைத்து நெம்பினால் பலகைதான் உடையும். எல்லாக் கிளிப்புகளும் விட்டபின் பேடை மேல்நோக்கித் தூக்கினால் கண்ணாடி விளிம்பிலிருந்து கழன்று வரும். அப்போது வேகமாக இழுத்துவிடாதீர்கள். பின்புறம் விண்டோ சுவிட்சின் கனெக்டரும், சில வண்டிகளில் உட்கைப்பிடியின் கேபிளும் இன்னும் மாட்டியிருக்கும்.

பேடின் பின்னால் கறுப்புப் பிசினால் ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் ஷீட் ஒன்று தெரியும். மழையில் கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் நீர் வண்டிக்குள் வராமல் காப்பது அதுதான். கிழித்துவிடாமல், பின் மூலையிலிருந்து தேவையான அளவு மட்டும் மெல்லப் பிரித்து மேலே ஒட்டிவைத்துவிடுங்கள். பிசினில் மண்ணோ கைவிரலின் எண்ணெய்ப் பசையோ பட்டால் மறுபடி ஒட்டாது.

இப்போது கைப்பேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு கேபிளும் எந்த ஓட்டையில் எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்திருக்கிறது என்பது தெரியும்படி, டார்ச் வெளிச்சத்தில் நான்கைந்து படங்களாவது வேண்டும். பின்கதவில் கண்ணாடி ஓடும் செங்குத்துச் சட்டம் பல வண்டிகளில் லாட்சுக்கு வழியை மறித்து நிற்கும். அதன் கீழ்முனையின் 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றிச் சட்டத்தைச் சற்று ஒதுக்கினால் இடம் கிடைக்கும். வெளிக் கைப்பிடியிலிருந்து வரும் கம்பியின் முனையை ஒரு சிறு பிளாஸ்டிக் கிளிப் பிடித்திருக்கும். அதைக் கம்பியிலிருந்து திருப்பிவிட்டாலே கம்பி விடுபடும். பலம் கொடுத்தால் உடைந்துவிடும்.

இனி லாட்சின் மூன்று திருகுகள். இவற்றில் பூட்டுப்பசை தடவியிருப்பதால் மிகவும் இறுக்கமாக இருக்கும். ஸ்க்ரூடிரைவரைத் திருப்பும் விசையைவிட அதை உள்ளே அழுத்தும் விசை கூடுதலாக இருக்கட்டும். முனை வழுக்கி ஒரு முறை திருகின் தலை மழுங்கிவிட்டால் மீதி நாள் அதிலேயே போய்விடும். கனெக்டரின் நாக்கை அழுத்தி விடுவித்து, லாட்சைக் கதவுக்குள் இறக்கி, பெரிய ஓட்டை வழியாகத் திருப்பித் திருப்பி வெளியே எடுங்கள்.

புதியதைப் பொருத்துதல்

பழைய லாட்சையும் புதியதையும் அருகருகே வைத்து, திருகு ஓட்டைகள், கனெக்டர், சைல்டு லாக் நெம்பி ஆகியவற்றை ஒப்பிடுங்கள். உட்கைப்பிடிக் கேபிளையும் பூட்டுக் கேபிளையும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டால் இடம் மாறக்கூடும். லாட்சை உள்ளே கொண்டுபோய், மூன்று திருகுகளையும் கையால் இரண்டு மூன்று சுற்று பிடிக்க வைத்த பிறகே ஒவ்வொன்றாக முழுமையாக முறுக்குங்கள். வெளிக் கைப்பிடியின் கம்பியைக் கிளிப்பில் மாட்டி, கண்ணாடிச் சட்டத்தையும் கனெக்டரையும் பொருத்திவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் கதவைச் சாத்திப் பார்க்கக் கை பரபரக்கும். தயவுசெய்து சாத்தாதீர்கள். ஒரு கம்பி மாறி மாட்டியிருந்தாலும் கொக்கி பூட்டிக்கொள்ளும், கைப்பிடி விடுவிக்காது. அப்போது மெக்கானிக்கிடம் விடச் சொன்னேனே, அதே மூடிச் சிக்கிய கதவு உங்கள் கையாலேயே உருவாகிவிடும். ஸ்ட்ரைக்கரில் துணி கட்டச் சொன்னதும் இதற்காகத்தான். கதவு திறந்திருக்கும்போதே ஸ்க்ரூடிரைவரின் தண்டை ஸ்ட்ரைக்கர் போலப் பிளவுக்குள் அழுத்துங்கள். கொக்கி இரண்டு முறை ஒலியெழுப்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும். வெளிக் கைப்பிடியை இழுத்தால் விடுபட வேண்டும். மீண்டும் பூட்டி, உட்கைப்பிடியின் கேபிளை இழுத்துப் பாருங்கள். பேட்டரியை இணைத்துச் சென்டர் லாக்கைப் பூட்டித் திறந்து பாருங்கள். சைல்டு லாக் போட்ட நிலையில் உட்கைப்பிடி திறக்கக் கூடாது, வெளிக் கைப்பிடி திறக்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்து, ஐந்தும் சரியாக இருந்தால் மட்டும் கொக்கியை விடுவித்துவிட்டு, துணியை அவிழ்த்துக் கதவை மெதுவாகச் சாத்துங்கள்.

சாத்திய கதவு பின்பக்க உடலோடு ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். லாட்ச் மட்டும் மாறியிருந்தால் ஸ்ட்ரைக்கரைத் தொடத் தேவையே வராது. அப்படியும் கதவு உரசினால், ஸ்ட்ரைக்கரைத் தளர்த்துமுன் அதன் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு, ஒரு முறைக்கு ஒரு மி.மீ. அளவே நகர்த்துங்கள்.

பிறகு பிளாஸ்டிக் ஷீட்டை இடைவெளியின்றி அழுத்தி ஒட்டி, உடைந்த கிளிப்புகளை மாற்றி, பேடை முதலில் கண்ணாடி விளிம்பில் தொங்கவிட்டுக் கீழ்நோக்கித் தட்டிப் பொருத்துங்கள். வாளியில் தண்ணீர் எடுத்துக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஊற்றினால் நீர் கதவின் அடியிலுள்ள வடிகால் ஓட்டைகள் வழியே மட்டும் வெளியேற வேண்டும். உள்ளே தரைவிரிப்பு ஈரமானால் ஷீட்டை மறுபடி ஒட்ட வேண்டும். ஒரு வாரம் ஓட்டிய பின் லாட்சின் மூன்று திருகுகளையும் இன்னொரு முறை முறுக்கிப் பாருங்கள். எங்கள் வண்டியில் அவற்றில் ஒன்று கால் சுற்று ஏறியது.