பிளெயின் பேஸ் ஈயக் குண்டுகளை ரைஃபிள் தோட்டாவில் பயன்படுத்தும் முறை

ரைஃபிளுக்கென வார்க்கப்படும் ஈயக் குண்டுகளில் இரு வகை உண்டு. கேஸ் செக் எனப்படும் சிறிய செம்புக் கிண்ணத்தை அடியில் பொருத்துவதற்காகப் படி விட்டு வார்க்கப்படுவது ஒன்று. அப்படி ஏதுமின்றி அடிவரை வெறும் ஈயமாகவே முடிவது மற்றொன்று. இரண்டாவதைத்தான் பிளெயின் பேஸ் என்கிறார்கள். 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற .45-70 தோட்டாவில் இருந்ததும் இவ்வகைக் குண்டே. 405 கிரெய்ன் (ஏறத்தாழ 26 கிராம்) எடையுள்ள அது வினாடிக்கு ஏறத்தாழ 1,350 அடி வேகத்தில் சென்றது. இன்றைய புகையற்ற வெடிமருந்திலும் இவ்வகைக் குண்டு சிக்கலின்றி ஓடும் வேகம் 1,200 முதல் 1,400 அடி வரைதான். அதற்கு மேலே போக முடியாது என்பதில்லை. ஆனால் அதற்குச் செலவிடும் உழைப்பை நோக்கக் கேஸ் செக் கொண்ட அச்சை வாங்குவதே மேல். கீழே சொல்லப்படுபவை யாவும், தோட்டா நிரப்புவதற்குச் சட்டப்படி உரிமை உள்ளவர்களுக்கானவை.

வார்ப்பு ஈயம் என்றாலே கடினமாக இருக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது விட்டம். குண்டுக்கும், அதைச் சுழலச் செய்யக் குழலின் உள்ளே வெட்டப்பட்ட பள்ளங்களுக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருந்தாலும், சூடான வாயு அதன் வழியே பீறிட்டு ஈயத்தை அரித்துக் குழலின் சுவரில் படியச் செய்துவிடும். அரணாக நிற்கச் செம்புக் கிண்ணம் இல்லாததால், பிளெயின் பேஸ் குண்டு இந்தத் தவறைச் சிறிதும் மன்னிப்பதில்லை.

எனவே குழலை அளப்பதிலிருந்து தொடங்க வேண்டும். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, குழலில் சிறிது எண்ணெய் தடவி, பள்ள விட்டத்தைவிடச் சற்றே பெரிய தூய ஈய உருண்டையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கம்பியால் மெதுவாகத் தள்ளி எடுத்து, அதன் அதிகபட்ச விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளக்கலாம். லீ-என்ஃபீல்டில் காணப்படுவதுபோல் ஐந்து பள்ளங்கள் உள்ள குழலில் ஒரு பள்ளத்துக்கு நேரெதிரே மேடு வருவதால், சாதாரண மைக்ரோமீட்டர் உண்மையைவிடக் குறைவான அளவையே காட்டும். அங்கே வி வடிவத் தாங்கி உள்ள மைக்ரோமீட்டர் தேவை. கிடைத்த அளவைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை குண்டு பெரிதாக இருப்பது நல்லது. பள்ள விட்டம் 0.308 அங்குலம் என்றால் குண்டு 0.309 அல்லது 0.310 அங்குலம் இருக்கலாம். குழலின் தொண்டைப் பகுதி (தோட்டா அறையை அடுத்துப் பள்ளங்கள் தொடங்கும் இடம்) தேய்ந்து அகன்றிருந்தால் அதையே அளவாகக் கொள்வது சரி. இதற்கு ஒரு மேல்வரம்பும் உண்டு: நிரப்பிய தோட்டா அறைக்குள் தடையின்றி நுழைய வேண்டும், குண்டைப் பிடித்திருக்கும் கூட்டின் கழுத்து விரிந்து அதை விடுவிக்க இடமும் இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரும்.

இத்தனை கவனமாக அளந்து வார்த்த குண்டைப் பித்தளைக் கூடே கெடுத்துவிடுவதும் உண்டு. செம்பு உறையிட்ட குண்டுகளுக்கான டை (கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் அச்சு), கழுத்தை மிகவும் இறுக்கமாக விடும். அதற்குள் திணிக்கப்படும் மென்மையான ஈயம் நசுங்கிச் சிறுத்துவிடும். அதனால் வார்ப்புக் குண்டுக்கான விரிப்பானைப் பயன்படுத்தி, கழுத்தின் உள்விட்டத்தைப் போதிய அளவு திறந்து, வாயைக் குண்டின் அடி உரசாமல் நுழையும் அளவுக்கு மட்டும் மணிபோல் விரிக்க வேண்டும். மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரும், மருந்தும் இல்லாத வெற்றுக் கூட்டில் ஒரு குண்டை இறக்கி, பிறகு வெளியே இழுத்து மீண்டும் அளந்து பாருங்கள். ஈயப் படிவுக்கு விடை தெரியாமல் அலைபவர்களில் பலருக்கு அந்த ஓர் அளவே விடை சொல்லிவிடும்.

உலோகக் கலவைக்கு வருவோம். உலோகத்தின் கடினத்தைக் குறிக்கும் பிரினெல் அளவில் தூய ஈயத்தின் எண் ஏறத்தாழ 5. இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் அது 10-ஐ ஒட்டி வரும். ஈயம் 90, வெள்ளீயம் 5, ஆன்டிமனி 5 விழுக்காடு கொண்ட கலவை 15 அளவிலும், அச்சகத்து லைனோடைப் உலோகம் 22 அளவிலும் இருக்கும். நாம் பேசும் வேகத்துக்கு 10 முதல் 12 வரை போதும். மிதமான அழுத்தத்தில் கடினக் குண்டு அடியில் சற்றும் விரிந்து கொடுக்காது என்பதால், அளவில் சிறு குறை இருந்தாலும் வாயு கசிந்துவிடும். லைனோடைப்பை இதற்கு வீணாக்காமல் வேறு கலவைகளுக்காகச் சேமித்து வைக்கலாம்.

குண்டின் அடிதான் அதன் சுக்கான். முனையில் சிறு வடு இருந்தால் இலக்கில் பெரிதாகத் தெரியாது; அடியின் விளிம்பு ஒரு பக்கம் மழுங்கியிருந்தாலோ, குழலைவிட்டு வெளியேறும் கணத்தில் வாயு ஒரு பக்கமாக முந்திப் பாய்ந்து குண்டைச் சாய்த்துவிடும். விளிம்பு கூராக நிரம்ப அச்சு நன்கு சூடேறியிருக்க வேண்டும். கலவையில் இரண்டு விழுக்காடு அளவுக்கு வெள்ளீயம் இருப்பது உதவும். ஊற்றுவாய் ஈயம் முழுதாக உறையும் முன் அச்சின் மேல்தகட்டைத் திருப்பினால் அடியில் பள்ளம் விழும். விளிம்பு குறைபட்ட குண்டுகளைத் தயங்காமல் மீண்டும் உருக்குங்கள். உருகிய ஈயத்தின் அருகே ஒரு துளி நீரும் வரக்கூடாது. அது நொடியில் ஆவியாகி ஈயத்தை வாரி இறைக்கும். காற்றோட்டமான இடத்தில் வார்ப்பதும், வேலை முடிந்ததும் கைகளைக் கழுவுவதும் கட்டாயம்.

மசகுக்குத் தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்னும் மசகுப் பொருளும் சம அளவு கலந்த பழைய கலவையே போதும். குண்டை இறக்கும்போது அதன் அடி கழுத்தைத் தாண்டிக் கூட்டின் வயிற்றுக்குள் நீளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்தின் அளவை, அதே எடையுள்ள வார்ப்புக் குண்டுக்கு அச்சிட்ட கையேடு தரும் தொடக்க அளவிலிருந்தே எடுக்க வேண்டும். உறையிட்ட குண்டுக்கான அளவை மனம்போல் குறைக்கக் கூடாது. மெதுவாக எரியும் மருந்தைக் கையேட்டின் கீழ்வரம்புக்கும் குறைத்து நிரப்புவதும் ஆபத்தே. வேகமாக எரியும் மருந்தோ சிறிதளவே தேவைப்படும். பெரிய ரைஃபிள் கூட்டில் தவறுதலாக இரு மடங்கு விழுந்தாலும் வழியாது, துப்பாக்கியோ உடைந்து சிதறும். ஆகவே நிரப்பிய கூடுகள் அனைத்தையும் பலகையில் நிறுத்தி, விளக்கொளியில் ஒவ்வொன்றின் உள்ளும் பார்த்த பிறகே குண்டை இறக்குங்கள். சுடும்போது ஓசை மெலிதாக வந்தால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலில் சிக்கியிருக்கலாம்.

முதன்முறை சுடுவதற்கு முன் குழலில் உள்ள பழைய செம்புப் படிவை முழுதாக நீக்கிவிட வேண்டும். அதன் மேல் ஈயம் எளிதில் ஒட்டும். சில சுற்றுகளுக்குப் பிறகு குழலைப் பாருங்கள். படிவு தொண்டைக்கு அருகே இருந்தால் குண்டு சிறியது அல்லது மிகக் கடினமானது என்று பொருள்; வாய்முனைப் பக்கம் இருந்தால் மசகு பாதியிலேயே தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். படிந்ததை எடுக்க, பழைய தூரிகையில் தூய செம்பு இழைகளைச் சுற்றி உலர்வாகத் தேய்த்தாலே போதும். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றும் வழக்கம் நச்சான ஈய அசிடேட்டை உண்டாக்குவதோடு எஃகையும் அரிக்கும்.